மேல்பாதிக் கடிதங்கள்

என் மனைவி மாளவிகா இறந்த அடுத்த மாதம், உரிமைக் காவலர் மணவாளனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வயிற்று வலி என்று அடையாற்றில் ஒரு நர்சிங் ஹோமுக்கு என்னோடு நடந்து போனவள் அவள். ஓர் ஊசி போட்டார்கள். மறுநாள் காலை அவள் இல்லை. என்ன ஊசி என்று கேட்டேன். கேஸ் ஷீட்டைக் காட்ட மறுத்தார்கள். திரும்பப் போய்க் கேட்டேன். உள்ளே விட மறுத்தார்கள்.

கடிதத்தை எல்லோரையும் போலத்தான் தொடங்கியிருந்தேன். பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். எளியோரின் குரலாக ஒலிக்கும் தங்கள் தொண்டு மேலும் சிறக்க வேண்டுகிறேன். நிற்க. அதற்குப் பிறகுதான் விஷயம். பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் நலமாக இல்லை என்பது எழுதும்போது தோன்றவில்லை.

பதில் அந்த வாரமே வந்தது.

'அன்புடையீர், தங்கள் மடல் கண்டேன். தாங்கள் நலமாக இருப்பதறிந்து பெரிதும் உவகை கொண்டேன். தங்களைப் போன்றோரின் ஆதரவே என் மூச்சு.' கீழே கையெழுத்து. ரப்பர் ஸ்டாம்ப்.

எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று நினைத்து நேரில் போனேன். மணவாளனின் உரிமை விழிப்பு மன்றம் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வாசலில் பலகை. 'பாதிக்கப்பட்டோர் எந்நேரமும் வரலாம்.' அதற்குக் கீழே நேரம் எழுதியிருந்தது.

கடிதப் பிரிவுக்குப் பங்கஜம் என்ற அம்மாள் பொறுப்பு. டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்றவர். என் கையிலிருந்த பதிலை வாங்கிப் படித்தார்.

"ரொம்ப நன்னா வந்திருக்கே. என்ன குறை?"

"நான் ஆதரவு தெரிவிக்கலை. உதவி கேட்டிருந்தேன்."

"ஆதரவு இல்லாதவா உதவி கேப்பாளாப்பா?"

பதில் கடிதத்தை மறுபடி அவர் முன் நீட்டினேன்.

"என் மனைவி இறந்துட்டாங்க. நான் நலமா இருக்கறதுல ஐயாவுக்கு உவகைன்னு போட்டிருக்கு."

"அடப் பாவமே. ஒக்காரு." தண்ணீர் கொடுத்தார். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "நலம்னு நீதானே எழுதினே?" என்றார்.

"ஆமாம்."

"பின்னே?"

வந்ததற்கு அடையாளமாகப் பெயரும் முகவரியும் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பங்கஜம் அம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கே! பதில் எழுதிண்டிருந்த பையன் துபாய் போயிட்டான். என்ன படிச்சிருக்கே?"

"எம்.காம்."

"நாளைலேர்ந்து வரயா?"

எனக்குப் போக வேறு இடம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த வேலையை ஏற்கெனவே விட்டிருந்தேன். என் கடிதம் இந்தக் கட்டடத்துக்குள் எங்கேயோ இருக்கிறது என்றும் தோன்றியது. வருகிறேன் என்றேன்.

மெட்ராஸை ஆங்கிலத்திலும் சென்னை என்று மாற்றிய வருஷம் அது. லெட்டர்ஹெட்டில் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை எழுதுவது என் முதல் வேலை. இரண்டாவது வேலையைப் பங்கஜம் அம்மாள் செய்து காட்டினார்.

மேஜையில் ஒரு தையல்காரர் கத்தரிக்கோல் இருந்தது. கடிதத்தைப் பிரித்தார். படிக்கவில்லை. விரலை மேலிருந்து கீழே ஓட்டி, 'நிற்க' என்ற சொல்லில் நிறுத்தினார். அதற்கு நேர் கீழே வெட்டினார்.

"மேல்பாதி ஐயாவுக்கு. கீழ்ப்பாதி மாடிக்கு."

"ஏன்?"

"ஐயாவுக்கு ரத்தக் கொதிப்பு. துக்க சமாசாரம் எதுவும் படிக்கப்படாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லியிருக்கார்."

உரிமைக் காவலருக்கு வருகிற தபாலில் துக்கம் தவிர வேறு ஏதாவது வருமா என்று கேட்டேன்.

"வரதே. மேல்பாதியைப் பாரேன். யாராவது ஒருத்தர் துக்கமா எழுதியிருக்காளா?"

பார்த்தேன். ஒருவரும் எழுதவில்லை. சிதம்பரத்தில் ஒருவர் நலம். ஆம்பூரில் ஒரு குடும்பமே நலம். கொத்தடிமையாகச் செங்கல் சூளையில் இருப்பவர் ஒருவர், வேறு யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார். அவரும் நலம். எல்லோரும் ஐயாவின் நலமறிய ஆவலாக இருந்தார்கள்.

முகவரி மேல்பாதியில் இருந்தது. பதில் போடுவது சுலபம். கீழ்ப்பாதியில் அடிபட்டவர், விலக்கி வைக்கப்பட்டவர், நிலத்தைப் பறிகொடுத்தவர் எல்லோரும் இருந்தார்கள். ஊர் மட்டும் இல்லை. அவை நடவடிக்கைப் பிரிவுக்குப் போயின. நடவடிக்கைப் பிரிவு என்பது மொட்டை மாடியில் ஓர் அறை. அதன் பொறுப்பாளரான வக்கீல், தாமதமில்லாத நீதி பற்றிய மாநாட்டுக்கு ஜெனீவா போனவர், இன்னும் திரும்பவில்லை. சாவி அவரிடம் இருந்தது. பியூன் கபாலி கோணிப்பைகளைப் பூட்டின கதவுக்கு வெளியே அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மழை வந்தா நனையாதா?" என்றேன்.

"நனையும் சார். அப்பால காயும். இன்னா இப்போ?" கபாலி பீடியை அணைத்துக் காதில் செருகினார். "நீ இன்னாத்துக்கு பேஜார் ஆவுற? மேல போவ வேண்டியது மேல போய்க்கினு கீது, கீழ போவ வேண்டியதும் மேலதான் போய்க்கினு கீது."

முதல் மாதம் என் கீழ்ப்பாதியைத் தேடினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பை. கிடைக்கவில்லை. பிறகு தேடுவது பழக்கமாகிவிட்டது. கிடைத்தால் என்ன செய்வது என்று யோசித்து வைக்கவில்லை.

ஐயாவைக் காலைக் காப்பி வேளையில் பார்த்தேன். பட்டுக் கதர் சட்டை. மேல்பாதிகளை மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். சர்க்கரை குறைவாகக் காப்பி கேட்பதையும் மேடையில் பேசுவது போலவே பேசுவார்.

"வாருங்கள் தம்பி. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் இந்தப் பணியைத் தொடங்கியபோது இந்த மாநிலத்தில் அழாத வீடு இல்லை. இன்று பாருங்கள். எத்தனை ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், அத்தனை பேரும் நலம்! ஒரே ஒருவர் நலமில்லை என்று எழுதியிருந்தாலும் இந்தச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் இறங்கியிருப்பேன். இறங்க விடமாட்டேன் என்கிறார்கள் மக்கள். நான் என்ன செய்ய?"

ஆண்டறிக்கையிலும் இதுவே இருந்தது. 'மன்றத்துக்கு எழுதியோர் அனைவரும் நலம்.' அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஜெனீவா மாநாட்டுக்காரர்களுக்கு அனுப்பினேன். அங்கிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. ஆங்கிலக் கடிதத்தில் எங்கே வெட்டுவது என்று தெரியாமல் பங்கஜம் அம்மாள் அதை முழுதாக அனுப்பினார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் தங்கபுஷ்பம் வந்தாள். தலையில் ஜவுளிக் கடைப் பிளாஸ்டிக் பை. கையில் மன்றத்தின் பதில். என் கையெழுத்து.

"அண்ணே, இது எனக்கு வந்துச்சு. நான் நல்லா வாசிக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரவுகள எங்க வச்சிருக்காவன்னு இதுல எந்த எடத்துல எழுதியிருக்கு?"

எந்த இடத்திலும் இல்லை என்றேன். அவள் அதை வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

சாத்தான்குளம் பக்கத்துக்காரர்கள். சைதாப்பேட்டையில் குடியிருந்தார்கள். அவள் கணவன் வெள்ளைச்சாமி தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலை பார்த்தான். கடையில் இருப்புக் கணக்கு எடுத்தபோது சில பட்டுப் புடவைகள் குறைந்தன. மறுநாள் மாம்பலம் ரயில் ஸ்டேஷன் போகிற கூட்டத்தில் சாதா உடையில் வந்த இரண்டு பேர், போலீஸ் என்று சொல்லி அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். கடையில் கூட வேலை பார்த்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

"ஒவ்வொரு ஸ்டேஷனாப் போயிட்டேன். இங்க இல்லங்கானுவ. மொதலாளி, எனக்குத் தெரியாதும்மாங்காரு. மணவாளன் ஐயா ஒரு போன் போட்டா போதும், விட்டுருவானுவன்னு எங்க தெருவுல சொன்னாவ. அதான் எழுதிப் போட்டோம். ஒரு போன் அண்ணே."

ஐயாவின் மேஜையில் மூன்று போன்கள் இருந்தன. பங்கஜம் அம்மாளிடம் போனேன்.

"ஐயோ பாவம். நெஞ்சு பதறறது" என்றார். உண்மையாகவே பதறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடிதமா எழுதித் தரச் சொல்லுப்பா. வாய்வார்த்தையா வாங்கறது இங்க வழக்கமில்லை."

நானே எழுதினேன். இந்த முறை வணக்கம் இல்லை. நலம் இல்லை. 'நிற்க' இல்லை. வெட்டுவதற்கு இடம் கொடுக்கவில்லை.

'ஐயா, என் கணவர் வெள்ளைச்சாமியைப் போலீஸ் பிடித்துப் போனது. எந்த ஸ்டேஷனிலும் இல்லை என்கிறார்கள். நீங்கள் ஒரு போன் செய்தால் உயிரோடு கிடைப்பார். உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை.' அவ்வளவுதான். தங்கபுஷ்பம் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் போட்டாள்.

பங்கஜம் அம்மாள் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். மறுபடி ஓட்டினார்.

"இதுல நிற்கவே இல்லையே."

"இல்லை."

"அப்போ முழுசும் மேல்பாதிதான்" என்று பெருமூச்சு விட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "படிச்சு ஏதாவது ஆச்சுன்னா நீதாம்ப்பா பொறுப்பு."

ஐயா படித்தார். நான் கதவருகில் நின்றேன். டாக்டர் பக்கத்தில் நின்றார். ஐயா மறுபடி படித்தார். கண் கலங்கியது. டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். சரியாக இருந்தது.

"தம்பி! 'உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை.' எப்பேர்ப்பட்ட வரி! இலக்கியம் படித்தவன் எழுத முடியுமா இதை? இத்தனை நாள் எல்லோரும் நலம், நலம் என்று மூன்றாம் மனிதரைப் போல எழுதிக்கொண்டிருந்தார்கள். இவள்தான் என்னைப் புரிந்துகொண்டிருக்கிறாள்."

"ஐயா, அதுக்கு மேலே மூணு வரி இருக்கு."

"படித்தேன். மனம் உருகிற்று."

"ஒரு போன் செஞ்சா..."

ஐயா சிவப்புப் பேனாவை மூடினார். கடைசி வரியில் அடிக்கோடு காயாமல் இருந்தது.

"நன்றாகக் கேட்டீர்கள். ஒருவருக்காக நான் போன் செய்தால், போன் செய்யப்படாத மற்றவர்களின் உரிமை என்ன ஆகும்? அது பாரபட்சம் அல்லவா? ஒருவருக்குமே செய்யாமல் இருக்கிறேனே, அதற்குப் பெயர்தான் தம்பி சமத்துவம். எவ்வளவு வலிக்கிறது தெரியுமா எனக்கு?"

மார்கழிக்கு முன்பு லட்சம் கடித விழா நடத்துவதாக ஏற்பாடு. லட்சமாவது கடிதத்தை எழுதியவரை மேடையில் கௌரவிக்க வேண்டும். வந்த கடிதங்களை யாரும் எண்ணவில்லை. லட்சமாவது எது என்று ஐயாவே அறிவிப்பார் என்று அழைப்பிதழில் இருந்தது. விழாவுக்கு முன்பே அவர் தங்கபுஷ்பத்தின் கடிதத்தை அறிவித்தார்.

தலைமை விருந்தினர் ஒரு பெரிய போலீஸ் அதிகாரி. அதை அழைப்பிதழில் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குப் பசித்தது.

பனகல் பார்க்கில் ஒரு பெஞ்சில் அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். 

"மைக் கையில வந்ததும் ஐயாவைப் பார்க்காதீங்க. பக்கத்துல இருக்கறவரைப் பாருங்க. என் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமியை எங்கே வச்சிருக்கீங்க. இதை மட்டும் கேளுங்க. பத்திரிகைக்காரங்க இருப்பாங்க. பதில் சொல்லாம இருக்க முடியாது."

"கோவப்பட்டுட்டாருன்னா? அவுகள உள்ள வச்சு அடிச்சுட்டானுவன்னா?"

"மேடையில கேட்டா அடிக்க மாட்டாங்க."

"நெசமாவா?"

எனக்குத் தெரியாது. நிஜமாக என்றேன்.

அவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சுண்டல்காரர் ஒருவர் நின்று கேட்டுவிட்டு, "நாடகமா?" என்றார்.

விழா தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேல்பாதிகளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரிசையாக மாட்டியிருந்தார்கள். 'அன்பின் கண்காட்சி.' வந்தவர்களுக்கெல்லாம் காகிதக் கூம்பில் சூடான சுண்டல். கூம்பைப் பிரித்தேன். 'என் மகளைப் பள்ளியில் தனியே உட்கார வைக்கிறார்கள் ஐயா' என்று இருந்தது. ஊர் இல்லை.

கபாலியைத் தேடிப் பிடித்தேன்.

"நான் இன்னா சார் பண்றது? சட்டத்த மாட்டறதுக்கு முன்னாடி அடுக்கி வெக்க இடம் வோணும், மாடியக் காலி பண்ணுன்னாங்கோ. பழைய பேப்பர்காரன் அப்டியே தூக்கினு போய்ட்டான். அவன் சுண்டல்காரனுக்குக் குட்த்துட்டான் போல." குரலைத் தாழ்த்தினார். "உன்னுது கெட்சுதா?"

அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கிடைக்கவில்லை என்றேன். அன்று முழுக்க, மற்றவர்கள் எறிந்த கூம்புகளைப் பிரித்துப் பார்த்தேன். அழகான கையெழுத்து ஒன்று வந்தது. என்னுடையது அல்ல.

மேடையிலும் சுண்டல் கொடுத்தார்கள். ஐயா சாப்பிட்டார். முதன்முதலாகக் கீழ்ப்பாதி ஒன்று நேராக அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்தேன். அதில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார்.

தங்கபுஷ்பத்தை அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கடைசி வரியை மட்டும் பெரிதாக எழுதிச் சட்டமிட்ட படத்தைக் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொள்வதா மைக்கைப் பிடித்துக்கொள்வதா என்று தடுமாறினாள். பிறகு படத்தைத் தரையில் வைத்தாள். அதிகாரியைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரவுக வெள்ளைச்சாமிய எங்க வச்சிருக்கீங்க?"

குரல் நடுங்கவில்லை. பனகல் பார்க்கில் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள்.

பத்திரிகைக்காரர்கள் நிமிர்ந்தார்கள். பிறகு கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். அதிகாரியும் தட்டினார். ஐயா ஓடி வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பார்த்தீர்களா! ஓர் ஏழைப் பெண், அதிகாரத்தின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்கிறாள்! முப்பது ஆண்டு நான் போராடியது இந்த ஒரு காட்சிக்காகத்தான். கேள்வி கேட்கும் உரிமையை வாங்கித் தந்துவிட்டேன். இனி நான் கண் மூடினாலும் கவலையில்லை!"

அதிகாரி புன்னகையோடு எழுந்தார்.

"கேள்வி கேட்கும் உரிமையை வாங்கித் தந்தது ஐயா. அதை அனுமதித்தது காவல்துறை. இரண்டையும் நாடு மறக்காது."

மறுபடி கைதட்டல். மூன்று பேரையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். அவள் வாய் இன்னும் திறந்திருந்தது. நாட்டுப்பண்ணுக்கு எல்லோரும் நின்றார்கள். நானும் நின்றேன்.

மறுவாரம் அவள் மன்றத்துக்கு வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. பொன்னாடையை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். மேஜையில் வைத்தாள்.

"ரயில்ல அடிபட்டதா எழுதியிருக்காவ. ஆஸ்பத்திரிச் சவக்கெடங்குல காட்டுனாவ. ரயில் பட்ட எடம்னு ஒடம்புல ஒண்ணும் இல்லண்ணே. உள்ளங்கால் ரெண்டும்தான் வீங்கிக் கெடந்துச்சு."

பங்கஜம் அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். 

"என்ன ஆச்சுன்னு டாக்டர் எழுதுன காயிதம் இருக்குமாமே. அதக் கேட்டேன். தர மாட்டேங்காவ."

"எனக்கும் தரலை" என்றேன்.

"ஒங்களுக்கு யாரு?"

"மனைவி."

என்னைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். கத்தரிக்கோலைப் பார்த்தாள்.

"இங்கனதான் வேல பாக்கீயளா?"

"ஆமாம்."

அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பொன்னாடையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "ஒரு கடுதாசி எழுதுங்கண்ணே. அந்தக் காயிதம் மட்டும் வாங்கித் தரச் சொல்லி" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். தாளை எடுத்தேன்.

"மொதல்ல நலம், நலமறிய ஆவல்னு போடுங்க."

"அது வேண்டாம். நேரா எழுதிடலாம்."

"போடுங்கண்ணே." அவள் குரல் முதன்முறையாக நடுங்கியது. "போன தடவ வணக்கம்கூட இல்லாம மொட்டையா எழுதுனோம். மரியாத இல்லாம எழுதுனதுனாலதான் ஐயா போன் போடலயோ என்னவோ."

போட்டேன். பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். அவள் சொல்லச் சொல்ல, ஐயாவின் தொண்டு சிறக்க வேண்டுவதாகவும் எழுதினேன். பிறகு 'நிற்க' என்று எழுதி, காகிதத்தைப் பற்றி எழுதினேன். அவள் தன் பெயரைப் போட்டாள். இந்த முறை வேகமாகப் போட்டாள்.

மறுநாள் காலை கத்தரிக்கோல் அதன் இடத்தில் வெட்டியது. மேல்பாதி என் மேஜைக்கு வந்தது. பதில் எழுதினேன். தாங்கள் நலமாக இருப்பதறிந்து பெரிதும் உவகை கொண்டேன். பங்கஜம் அம்மாள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, கையெழுத்து நாளுக்கு நாள் மெருகேறுகிறது என்றார்.

அந்த வருஷ அறிக்கையையும் நான்தான் மொழிபெயர்த்தேன். எழுதியோர் அனைவரும் நலம். தங்கபுஷ்பம் நலம். நானும் நலம்.